பெருவிரல் அளவு

“கிணத்துக்கை போடாதை அண்ணை! நாளைக்கு அந்தத் தண்ணியைத்தானே குடிக்கோணும்!”

“அப்ப கடலுக்கை எறியிறன். மெல்லக் கதை, வாசல் முழுக்கச் சனம்!”

மெல்லக் கதை என்று யோகலிங்கம் சொன்னது பாலையூற்றுச் சந்திவரை கேட்டிருக்கும். பந்தலடியில் பறை அடித்தவனே கையை நிறுத்திவிட்டு அறைப் பக்கம் எட்டிப் பார்த்தான்.

அறைக்குள் அன்னலட்சுமியும் தமையன் யோகலிங்கமும் ஒரு பிஸ்டலை ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே கூடத்தில் புருசன் தம்பிராசா மூக்கில் பஞ்சோடு கிடந்தார். திருகோணமலைத் துறைமுக வேர்க்ஷொப்பில் இயந்திரம் பொருத்தித் திருத்தும் பிற்றர். முதல்நாள் விடியத் தேத்தண்ணி குடித்துக் கோப்பையை வைத்தவர் நெஞ்சைப் பிடித்தபடி சாய்ந்தார், அவ்வளவுதான். மரண விசாரணை அதிகாரி வந்து பார்த்து, சந்தேகம் ஒன்றுமில்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார். பின்னேரம் எடுப்பதாக முடிவு. பிரேதத்துக்குப் போர்த்தப் பட்டுச் சால்வை தேடி ட்ரங்குப் பெட்டியைத் திறந்தபோதுதான், பழைய சாரத் துண்டொன்றில் சுற்றியபடி இது வந்தது.

“மச்சான் ஆருக்கு உதைத் திருத்திக் குடுத்தவர்? இயக்கப் பெடியளுக்கோ? பொலிசுக்கு மணம் பிடிச்சா பிரேதத்தை எடுக்க விடமாட்டாங்கள் பிள்ளை. என்ரை உத்தியோகமும் போச்சு!”

காலமும் அப்படித்தான். சைக்கிளில் இரண்டு பெடியன்கள் சேர்ந்து போனாலே மறித்து விசாரிக்கிற எழுபத்தெட்டாம் ஆண்டு. ஆனாலும் அரசாங்கக் கச்சேரிக் கிளார்க் யோகலிங்கம் உத்தியோகத்தை இரண்டாவதாகச் சொன்னதை மரியாதை என்றுதான் எடுக்கவேண்டும்.

பிஸ்டல் என்ற சொல் காதில் விழுந்ததும் பந்தலில் இருந்த அபூதாஹிர் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். சுங்கத்தில் பெரிய உத்தியோகம் பார்த்து இளைப்பாறியவர். தன்னைக் கேட்காமல் ஊரில் ஒரு பெட்டி திறபடுவதே அவருக்குப் பிடிக்காது.

“இஞ்ச தாங்க பாப்பம்.” வெளிச்சத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். “அட யோகலிங்கம், பயத்தில கண்ணும் தெரியல்லியா? குழலுக்குள்ள அடைப்புப் போட்டிருக்கு. குண்டு போகாது, சத்தம் மட்டுந்தான். பள்ளிக்கூடத்தில ஓட்டப் பந்தயம் தொடங்கச் சுடுறது.”

யோகலிங்கம் கட்டிலில் குந்தினார்.

அபூதாஹிர் விடவில்லை. “ஆனா வேலையப் பாருங்க. சுத்தியல் மாதிரி இருக்கிற இந்தக் குதிரையப் பின்னால இழுத்து வெச்சாத்தான் வெடிக்கும். பொல்லாத இறுக்கம். உள்ள இருக்கிற சுருள் வில்லத் தளத்தினா வெடியாது எண்டு மனிசனுக்குத் தெரிஞ்சிருக்கு, அதைத் தொடல்ல. குதிரையிட வாலில பித்தளை வெச்சு ஒட்டி, அகலமாக்கி, கொஞ்சம் பணிச்சு விட்டிருக்கார். விரல் வழுக்காம மேல வரியும் கீறியிருக்கு. இப்ப சும்மா தொட்டா வரும். ஆருக்கோ ஆசையாச் செஞ்ச வேலை.”

ஆசையா என்ற சொல்லை அவர் அங்கே போட்டிருக்கத் தேவையில்லை.

அவர்கள் வெளியே போனபின் அன்னலட்சுமி அதைக் கையில் எடுத்தா. பித்தளையின் நடுவில் பெருவிரல் வைக்க ஒரு பள்ளம், புளியங்கொட்டை அளவில், வழுவழுவென்று. தன் விரலை வைத்துப் பார்த்தா. இரண்டு பக்கமும் வழிந்தது. ஆம்பிளை விரலென்றால் இன்னும் வழியும்.

குசினிக் கதவின் கொளுக்கி கழன்று இரண்டு வருசம். கயிறு கட்டித்தான் சாத்துவது. கேட்டால், “ஓமோம், ஞாயிற்றுக்கிழமை பாப்பம்” என்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு ஓவர்டைம்.

எங்கள் பகுதியில் ஒருவன் பிஸ்டல் வைத்திருந்தான் என்றால் ஒரு கிழமை கதைப்பார்கள். வேறு பொம்பிளை வைத்திருந்தான் என்றால் அவன் பேரப்பிள்ளைகளின் கலியாணம் வரைக்கும் கதைப்பார்கள். அன்னலட்சுமியும் மற்றவர்களைப் பற்றி அப்படிக் கதைத்தவதான். இப்போது உடையவரைக் கேட்கலாமென்றால் மூக்கில் பஞ்சு.

கூடத்துக்கு வந்து தலைமாட்டில் இருந்தா. செத்தவீட்டுக்கு வருகிற பொம்பிளைகள் எல்லாரும் உரித்துக்காரியின் கையைப் பிடித்துத்தான் அழவேண்டும், அதுதான் முறை. வந்தவர்கள் கையைப் பிடித்தார்கள். அன்னலட்சுமி அவர்களின் பெருவிரலைப் பிடித்தா.

பக்கத்து வீட்டுக் கனகம்மாவுடையது உலக்கைப் பூண். தபால் கந்தோர்க்காரரின் பெண்சாதிக்கு விரல் மெலிவுதான், ஆனால் நகம் நீளம், பள்ளத்தில் இருக்காது. வேர்க்ஷொப் மேலாளரின் மனைவியின் விரலை இரண்டு தரம் தடவிப் பார்த்ததில், அந்த மனுசி அழுகையை நிறுத்திவிட்டுக் கையை இழுத்துக்கொண்டா. “பாவம், அறிவு பேதலிச்சுப் போச்சு” என்று கனகம்மா எல்லாருக்கும் சொன்னா.

பிரேதத்தைக் குளிப்பாட்டப் போகும் நேரத்தில் புஷ்பவதி ரீச்சர் வந்தா. விளையாட்டுப் பாட ரீச்சர், முப்பது வயதிருக்கும், கலியாணமாகவில்லை. அழவில்லை. வெயிலில் நடந்து வந்த முகம். குனிந்து கையைப் பிடித்தா. அன்னலட்சுமியின் கைக்குள் வந்த பெருவிரல் ஒல்லியாக, மடங்காமல், குச்சிபோல் நின்றது.

அன்னலட்சுமி கையை விடவில்லை. “உள்ளை வாங்கோ ரீச்சர்.”

அறைக்குள் நடந்ததைக் கனகம்மா சொல்லித்தான் நமக்குத் தெரியும். அவ யன்னலுக்கு வெளியே வாழைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றவவாம். செத்தவீட்டில் ஆர் வாழைக்குத் தண்ணீர் ஊற்றுவது என்று ஒருவரும் கேட்கவில்லை.

“இது உங்கடை பள்ளிக்கூடத்துச் சாமானோ?”

ரீச்சருக்கு முகம் வெளுத்தது. “ஓம் அக்கா. பிரின்சிப்பலுக்குத் தெரியாமல் குடுத்தனான். வெள்ளிக்கிழமை போட்டி.”

“பிடியுங்கோ.”

“இப்ப என்னத்துக்கு அக்கா, இந்த நேரத்திலை...”

“இழுத்துப் பாருங்கோ.”

ரீச்சர் கையை உயர்த்தினா. மடங்காத விரல் பித்தளைப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. ஒரு பாடும் இல்லாமல் குதிரை பின்னுக்கு வந்து, ‘டிக்’ என்று நின்றது. கூடத்தில் ஒப்பாரி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“நோகேல்லையோ?”

“இல்லை.”

“முந்தி?”

“பந்து பட்டு முறிஞ்ச விரல் அக்கா. முந்தி ரெண்டு கையாலையும் இழுப்பன். பிள்ளையள் சிரிக்குங்கள். அவர் பள்ளிக்கூடக் கேற் திருத்த வந்தவர், அதைக் கண்டிட்டார்.”

“எத்தினை தரம் அளவு பாத்தவர்?”

ரீச்சர் குதிரையை விரலால் தாங்கி மெல்ல முன்னுக்கு விட்டா.

“ஞாயிற்றுக்கிழமையளிலை வாறவர். உங்களிட்டைச் சொன்னவர்தானே அக்கா?”

கனகம்மாவின் வாளியில் தண்ணீர் முடிந்துவிட்டது. ஆனாலும் நின்றா.

“ஓம்,” என்றா அன்னலட்சுமி. “சொன்னவர்.”

பிஸ்டலைச் சாரத் துண்டில் சுற்றி, ரீச்சரின் கைப்பைக்குள் தானே வைத்து, பையைப் பூட்டிவிட்டா. “கொண்டு போங்கோ. பின்வழியாலை போங்கோ, அண்ணை கண்டால் கடலுக்கை எறிஞ்சு போடுவார்.”

பிரேதம் எடுத்தபோது அன்னலட்சுமி படலைவரைக்கும் வந்து நின்றா. கத்தவில்லை, விழவில்லை. இதையும் கனகம்மா குறித்துக்கொண்டா.

அந்த வெள்ளிக்கிழமை போட்டி நன்றாக நடந்ததாகக் கேள்வி. அடுத்த வருசம் புஷ்பவதி ரீச்சர் மன்னாருக்கு மாற்றம் கேட்டு வாங்கிக்கொண்டு போனா. அங்கே ஒரு நில அளவையாளரைக் கலியாணம் முடித்தா. மாப்பிள்ளைக்கு இரண்டாம் தாரம் என்று சிலர், இல்லை என்று சிலர். யோகலிங்கம் கொழும்புக்குப் பதவி உயர்வோடு போனார். மச்சான் வீட்டில் ஒரு பயங்கரத்தைத் தடுத்த கதை அங்கே இன்னும் வளர்ந்திருக்கும்.

ஆண்டுத் திவசம் முடிய அன்னலட்சுமி வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, கட்டைபறிச்சானில் இருக்கும் தங்கையோடு இருக்கப் போனா. மூதூர் போகிற லோஞ்சுப் படகில் மற்றச் சனமெல்லாம் போகிற திசையைப் பார்த்து இருந்தது. அவ மட்டும் பின்பக்கம் திரும்பி, திருகோணமலையைப் பார்த்தபடி இருந்தா. முகத்தில் தண்ணி தெறிக்குது, அதுதான் என்று கேட்டவர்களுக்குச் சொன்னாவாம். அன்றைக்குக் கொட்டியாரக் குடாக்கடல் அலையே இல்லாமல் குளம் மாதிரிக் கிடந்தது.