பஞ்சர் ஒட்டின குஞ்சு

பஞ்சர்க்காரன் மூன்று வாத்துக்குஞ்சுகளை வாங்கி வைத்த அன்றைக்கே, அவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று தெருவில் பாதிப்பேர் முடிவு கட்டிவிட்டார்கள். பொண்டாட்டி போய் வருஷம் திரும்பவில்லை, ரெண்டு பிள்ளைகளுக்குத் தலைவாரி விடவே தத்தளிக்கிறான், இதில் வாத்து ஒரு கேடா என்று எதிர்க்கடை டீக்காரரே கேட்டார். கேட்கட்டும். வாய் இருக்கிறவர்கள் பேசத்தான் செய்வார்கள், பீயை அள்ளப் போகிறவன் அவன்தானே.

நடந்தது இதுதான். சைக்கிளில் கூடை கட்டிக் குஞ்சு விற்கிறவனுடைய டயர் சரியாகக் கடை வாசலில் வந்து படுத்துவிட்டது. டியூபை உருவி, காற்றடித்து, தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தைப் பிடித்து, அரம் போட்டுத் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டுப் போட்டு முடிப்பதற்குள் பஞ்சர்க்காரனுடைய நாலு வயது மகள் மூன்று குஞ்சுகளைக் கவுனில் அள்ளிக்கொண்டு வந்து நின்றாள். அவளைப் பொடிசு என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். "அப்பா, இது நமக்கு" என்றாள். அம்மா போன பிறகு அந்தப் பிள்ளை வாய் திறந்து கேட்ட முதல் பொருள் அது. மறுப்பதற்கு அவன் என்ன கல்லா?

பழைய லாரி டயர் ஒன்றைப் படுக்கப்போட்டு, உள்ளே சாக்கு விரித்து, மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டான். ஏழு வயதுப் பெரியவனுக்குத் தவிடு பிசைகிற வேலை. பொடிசுக்குத் தண்ணீர் வைக்கிற வேலை, அதுவும் அலகு நனைகிற அளவுக்குத் தட்டில். தாயில்லாத குஞ்சுக்கு மேலே எண்ணெய்ப் பசை ஏறியிருக்காது, ஆழத் தண்ணீரில் விட்டால் ஊறி விறைத்துப் போகும் என்று விற்றவன் படித்துப் படித்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தான். அந்தச் சனியன்களோ தட்டையும் விட்டுவைக்கவில்லை. தவிட்டைத் தண்ணீரில் கொட்டி, தண்ணீரைச் சாக்கில் கொட்டி, அதிலேயே மிதித்துக்கொண்டு நின்றன. காலையில் சாக்கு மாற்றினால் மத்தியானமே நாறும். வண்டிக்காரர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு காற்றடித்துப் போனார்கள். ஆனால் பொடிசு நடந்தால் மூன்றும் வரிசையாகப் பின்னால் நடந்தன. அவள் குளிக்கப் போய்க் கதவைச் சாத்தினால் வெளியே நின்று ஊரைக் கூட்டின. உள்ளேயிருந்து அவள் சிரிப்பு கேட்கும், இவன் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டு நிற்பான்.

இந்தச் சமயத்தில்தான் அவனுடைய அக்கா வந்தாள். அவளையும் கெட்டவள் என்று சொல்லிவிட முடியாது. இவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அவள் பேச்சுக்கு அவன் இதுவரை மறுபேச்சுப் பேசியதில்லை. "பிள்ளைங்க ரெண்டையும் நான் கூட்டிட்டுப் போறேன். எங்க வீட்டுல இடம் இருக்கு, பார்த்துக்க ஆள் இருக்கு. நீ அப்பப்ப வந்து பாரு" என்று போன தடவையே சொல்லியிருந்தாள். "பார்க்கலாம்க்கா" என்றான் இவன். பார்க்கலாமாம்! அதை அவள் சரி என்று எடுத்துக்கொண்டாள். இப்போது பெரிய பையோடு வந்து, கடைக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை அறையில் பிள்ளைகளின் துணியை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவன் வெளியே ஒரு சக்கரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் என்ன சொல்வது என்று தெரியாமல் அதைச் சுற்றிவிட்டுக்கொண்டே இருந்தான்.

"அப்பா, இவ குஞ்சைத் தொட்டியில முக்கிட்டா" என்று பெரியவன் கத்திக்கொண்டு ஓடிவந்தான்.

பொடிசு தோள்வரை நனைந்து தொட்டியடியில் உட்கார்ந்திருந்தாள். சோப்பும் கறுப்புமாகக் கிடக்கிற பஞ்சர் பார்க்கிற தண்ணீர் அது. உள்ளங்கையில் குஞ்சு ஈரத்துணியாய்க் கிடந்தது. அதன் விலாவில் வட்டமாக ஒரு ரப்பர் ஒட்டு. அப்பா அழுத்துகிற மாதிரியே கட்டைவிரலால் அதை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"உஸ் உஸ்னு சத்தம் வந்துச்சுப்பா. முக்கிப் பார்த்தேன், இங்க குமிழி வந்துச்சு. ஒட்டிட்டேன். அரம் மட்டும் போடல, அதுக்கு வலிக்கும்ல."

அவன் சட்டையைக் கழற்றிக் குஞ்சைச் சுற்றி பல்புக்கு நேராகப் பிடித்தான். விரலுக்கடியில் ஏதோ துடித்த மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. அதற்குள் அக்கா வந்துவிட்டாள்.

"பார்த்தியா? ஒரு குஞ்சைக் காப்பாத்தத் துப்பில்ல, உனக்கு ரெண்டு பிள்ளை. இந்த வீட்டுல எதுதான்டா தங்குது?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனால் சொன்னது சொன்னதுதான். பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். பொடிசு மட்டும் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள்.

"அம்மாவுக்கு மூச்சு போயிடுச்சுன்னு நீங்கதானே அத்தை சொன்னீங்க. அப்ப எனக்கு ஒட்டத் தெரியாது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு, "இதுக்குத்தான்டா சொல்றேன். இங்கயே கிடந்தா இதையே நினைச்சுக்கிட்டுக் கிடக்கும். என்கூட அனுப்பு" என்றாள்.

அவனுக்கும் அழுகை முட்டியது. ஆனால் அதோடு சேர்ந்து இத்தனை மாதமாய்ச் சொல்ல வராமல் கிடந்ததும் வெளியே வந்தது.

"அனுப்ப மாட்டேன்க்கா."

"டேய்..."

"நீ என்னை வளர்த்தவ. உன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னா இப்பவே கும்பிடுறேன். பிள்ளைங்களைக் கேட்காத. இந்தக் குஞ்சு பிழைக்குமோ என்னமோ, எனக்குத் தெரியாது. செத்துச்சுன்னா என் பிள்ளைங்க என் மடியில கிடந்து அழட்டும். மூணு பேரும் சேர்ந்து புதைச்சிட்டு, மிச்ச ரெண்டுக்கும் தவிடு பிசைவோம். உன் வீட்டுல எத்தனை அறை இருந்தா எனக்கென்ன?"

உள்ளே போய்ப் பையைக் கவிழ்த்தான். மடித்த துணியெல்லாம் கட்டிலில் கொட்டியது. பொடிசின் கம்பளிச் சட்டையை எடுத்துக் குஞ்சை அதற்குள் வைத்து, பிள்ளைகளை இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டான். வாசலில் எவனோ ஹார்ன் அடித்து அடித்துப் பார்த்துவிட்டுப் போனான். போகட்டும், வேறு கடையா இல்லை?

அக்கா கிளம்பவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அந்தக் கம்பளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொழுது சாய்கிற நேரத்தில் அதற்குள்ளிருந்து ஒரு கழுத்து எட்டிப் பார்த்தது. சுற்றிலும் எல்லார் மூஞ்சியையும் பார்த்துவிட்டு, சாவகாசமாகக் கம்பளியிலேயே பேண்டு வைத்தது. பெரியவன்தான் முதலில் சிரித்தான். அக்கா அந்தச் சட்டையை வாங்கிக்கொண்டு போய்க் குழாயடியில் அலசிப் போட்டாள், காலிப் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஒட்டைப் பிய்த்தால் தோலும் வந்துவிடும், இறகு மாறும்போது தானாக விழட்டும் என்று விட்டுவிட்டான். குஞ்சும் அதைச் சுமந்துகொண்டு கடை முழுக்கப் பொடிசின் பின்னால் அலைகிறது. காற்றடிக்க வந்தவர்கள் யாராவது என்னப்பா கூத்து இது என்று கேட்டால், பஞ்சர்க்காரன் பம்பை நிறுத்தாமல் பதில் சொல்வான்.

"என் பொண்ணு ஒட்டினது சார். இதுவரைக்கும் காத்து இறங்கல."