பன்னிரண்டையும் அளந்தவள்

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வைத்த பெயர் கவராயம். ஈ.சி.ஜி. எடுப்பது அவள் வேலை. எடுத்தோமா, கிழித்தோமா, கொடுத்தோமா என்று இருந்தால் ஓர் ஆளுக்குப் பத்து நிமிடம் போதும். இவளோ, மகனின் ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து சுட்டுவந்த கவராயத்தை வைத்து, தாளில் உள்ள பன்னிரண்டு வரைவுகளையும் ஒவ்வொன்றாக அளந்துவிட்டுத்தான் தாளைக் கையைவிட்டு விடுவாள். இயந்திரமே எல்லாக் கணக்கையும் தாளின் தலையில் அச்சடித்துத் தருகிறதே, பிறகு இது எதற்கு என்று கேட்டால், "அது சராசரி சொல்லும். சராசரியா யாரும் மயங்கி விழறதில்ல" என்பாள். அதற்குச் சிரிக்காத ஆள் அந்தக் கட்டடத்தில் இல்லை.

அன்று கட்டிலில் படுத்திருந்தவர் அவளுடைய சொந்த அக்கா வீட்டுக்காரர். பெயின்டர். ஒரு வாரமாக வயிற்றுப்போக்கு, கூடவே இருமல். மருந்துக்கடையில் அதற்கொன்று இதற்கொன்று என்று மாத்திரை வாங்கி அவரே வைத்தியம் பார்த்துக்கொண்டார். முந்தின நாள் ஏணியின் இரண்டாம் படியில் நின்றவர் மயங்கிச் சரிந்து, பெயின்ட் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். அடி ஒன்றுமில்லை. டாக்டர் சர்டிபிகேட் இல்லாமல் ஏணியில் கால் வைக்கக்கூடாது என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். ஆறு மாடிக் கட்டட வேலை. மதியத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள்.

தாளின் தலையில் 'இயல்பு' என்று அச்சாகியிருந்தது. டாக்டர் பேனாவைத் திறந்துவிட்டார்.

"ஒரு நிமிஷம் சார்," என்றாள் கவராயம். அவள் அளந்துகொண்டிருந்தாள். இதயம் ஒவ்வொரு தடவை துடித்த பிறகும் மின்சாரம் அடங்கி, அடுத்த துடிப்புக்குத் தயாராக வேண்டும். அந்த நேரம் ஒரு வரைவில் பத்துச் சின்னக் கட்டம் இருந்தது. மார்புக்கு நடுவில் எடுத்ததில் பதின்மூன்று. மறுபடி அளந்தாள். பதின்மூன்றேதான்.

"இதயத்துக்குள்ள பாதிப் பேர் எழுந்து பல்லு தேய்க்கிறாங்க, மீதிப் பேர் இன்னும் போர்வைக்குள்ள இருக்காங்க சார். இந்த நேரத்துல ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வந்துச்சுன்னா, மின்சாரம் போக வழி தெரியாம உள்ளயே சுத்தும். இவர மானிட்டர்ல வைக்கணும்."

"மெஷின் பதினொண்ணுன்னு போட்டிருக்கே மேடம்."

"பத்தையும் பதிமூணையும் கலந்தா வேற என்ன சார் வரும்?"

டாக்டர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "சரி, ஒரு நாள் வைங்க. ரத்தமும் எடுங்க. ஒண்ணும் இல்லைன்னா இந்தக் கவராயத்த நான் பிடுங்கி வெச்சுக்குவேன்."

வாசலில் நின்ற அக்கா பொரிந்து தள்ளினாள். "டாக்டரே கையெழுத்துப் போட வந்தாருடி. கூடப் பிறந்தவளே குறுக்க நிக்கிற. இந்த வேலையும் போச்சுன்னா நீ வந்து உலை வைப்பியா? அந்தக் கம்பிய முதல்ல தூக்கி குப்பையில போடு."

பெயின்டர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதுதான் கவராயத்துக்கு அதிகம் வலித்தது. தன் கணக்குத் தப்பினால் அக்கா முகத்தில் இனி விழிக்க முடியாது. சரியாக இருந்து வாயைத் திறக்காமல் விட்டிருந்தால், ஆறாவது மாடியில் மாமா. எப்படிப் பார்த்தாலும் அவள் அளந்ததை மறைக்க முடியாது.

மதியம் வந்தது, போனது. மேஸ்திரி போனில் இரண்டே வார்த்தை பேசி வைத்துவிட்டார். அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மூன்று மணிக்கு மானிட்டர் அலறியது. பச்சைக் கோடு முறுக்கிப் பிழிந்த துணி மாதிரி சுற்றிச் சுற்றி ஓடியது. பெயின்டரின் கண் செருகிவிட்டது. கட்டில் பக்கத்திலேயே தயாராக இருந்த நர்ஸ் எல்லோரையும் விலக்கி ஷாக் கொடுத்தாள். ஒரே ஒரு தடவை. கோடு நிமிர்ந்து, ஒழுங்காக நடக்க ஆரம்பித்தது. மூச்சிரைக்க ஓடிவந்த டாக்டர் ஊசி மருந்தை ஏற்றிவிட்டு, ரத்த ரிப்போர்ட்டையும் மாத்திரை அட்டைகளையும் பார்த்தார். வயிற்றுப்போக்கில், இதயத் துடிப்புக்கு வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் பாதியாகக் குறைந்திருந்தது. வயிற்றுக்கும் இருமலுக்கும் வாங்கிய இரண்டு மாத்திரையும் சேர்ந்து, இதயம் அடங்கும் நேரத்தை இன்னும் இழுத்துவிட்டிருந்தன.

பெயின்டர் கண் திறந்து, "என்ன, எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார். அக்கா தங்கையின் தோளில் சாய்ந்து ஓவென்று அழுதாள்.

ஐந்து நாள் கழித்து மறுபடியும் ஈ.சி.ஜி. இயந்திரம் 'இயல்பு' என்று துப்பியது. பெயின்டர் கட்டிலை விட்டு அசையவில்லை.

"அது கிடக்கட்டும். கொழுந்தியா அளக்கட்டும்."

டாக்டர் கை நீட்டினார். "நான் அளக்குறேன் மேடம், நீங்க சரி பாருங்க." பன்னிரண்டையும் அளந்தார். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் அரைக் கட்டம்கூட வித்தியாசம் இல்லை. கவராயம் ஒருமுறை அளந்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எல்லாரும் எழுந்தாச்சு மாமா. இனி நீங்க ஏணி ஏறலாம்."

"அந்த வேலை போனா போகுது. இனிமே யாரும் கட்டடமே கட்டாமலா போயிடுவாங்க?" என்று சட்டையை மாட்டினார் அவர்.

அக்கா பையைத் துழாவி ஒரு புது ஜியாமெட்ரி பாக்ஸை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள்.

"இத உன் பையனுக்குக் குடு. அந்தக் கம்பி இங்கயே இருக்கட்டும்."