கை வெளியே வரும் நேரம்

எல்லப்பன் எதைக் கேட்டாலும் "ஆகட்டுங்க" என்று சொல்கிற ஆளாகிப்போய் இரண்டு வருஷம் ஆகிறது. மனைவி ஜோதியம்மாள் கண்ணை மூடின பிறகு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கம்பெனியில் பேக்கிங் ஷிப்டை மாற்றிப் போட்டால் ஆகட்டுங்க. வீட்டுக்காரர் இனிமேல் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் விடுவேன் என்றால் ஆகட்டுங்க. அதனால் பெங்களூரில் குழந்தைகளுக்குப் பாட்டு வீடியோ செய்கிற கம்பெனியிலிருந்து ஹரீஷ்குமார் என்கிற பையன் தேடிக்கொண்டு வந்து, "சார், உங்க யானைப் பாட்டை வீடியோ பண்றோம். அது நல்லா ஓடிச்சுன்னா மத்த எல்லாப் பாட்டையும் ஒண்ணொண்ணா எடுத்துக்கறோம்" என்று சொன்னபோதும் அவர் வாயில் வந்தது அதுதான்.

மகள் அனிதாவுக்குத்தான் கால் தரையில் நிற்கவில்லை. சேலத்தில் எல்லப்பனுடைய பாட்டுப் புத்தகங்களைப் போட்டுக்கொண்டிருந்த பெரியவர் இறந்து, பிள்ளைகள் அச்சகத்தைக் கல்யாணப் பத்திரிகைக்கு மாற்றிவிட்டார்கள். எழுபதுக்கு மேல் சின்னச் சின்னப் புத்தகங்கள். இன்றைக்குக் கடையில் ஒன்றுகூடக் கிடையாது. அங்கன்வாடிகளில் அட்டை போன பிரதிகள் இரண்டொன்று கிடக்கலாம். இந்த வீடியோவை விட்டால் அந்தப் பாட்டுகளுக்கு வேறு வழியில்லை என்பது அனிதாவுக்குத் தெரியும். எல்லப்பனுக்கும் தெரியும். தெரிந்தும் ஒன்றும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

"ஒரே ஒரு சின்ன மாத்தம் சார்," என்றான் ஹரீஷ்குமார். "மூணாவது வரிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்லாம ஒரு எடம் வருதில்லீங்களா, அங்க ஒரு ‘ஹோய்’ போட்டுக்கறோம்."

பாட்டு இதுதான்.

யானை யானை வாயைத் திற
வெல்லம் வச்சேன் மென்னு பார்
வச்ச கையைக் காணலியே

இதோ பார்! இதோ பார்!

இரண்டு குழந்தைகள் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒரு குழந்தை கையை நீட்டி இன்னொன்றின் உள்ளங்கையில் வைக்கும். மூன்றாவது வரி முடிந்ததும் ஒரு வரி நேரத்துக்குப் பாட்டே கிடையாது. அந்த நேரத்தில் கையை இழுத்துக்கொள்ள வேண்டும். இழுக்காவிட்டால் எதிரே ‘யானை’யாக இருக்கிற குழந்தை அடித்துவிடும். தப்பிய குழந்தை பத்து விரலையும் விரித்துக் காட்டி, இதோ பார், இதோ பார் என்று கத்தும்.

"நானும் பாகலூர் அங்கன்வாடில இந்த வெளையாட்டு ஆடினவன்தான் சார். அங்க சும்மா இருக்கணும்னு எனக்குத் தெரியும். போன்ல பாக்கற கொழந்தைக்குத் தெரியாதே! சத்தம் நின்னா பாட்டு முடிஞ்சுதுன்னு அடுத்த வீடியோவுக்குத் தள்ளிடும்."

அவன் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. ஆகட்டுங்க என்றார் எல்லப்பன். ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் ஒரு ஸ்டூடியோவுக்கு வந்து கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடச் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த வெறும் இடம் வந்த கதையைச் சொல்லாவிட்டால் இந்தக் கதை நிற்காது.

எல்லப்பனுக்கு ஊர் சிங்காரப்பேட்டைப் பக்கம். பள்ளிக்கூடத்துச் சுவரோரம் ஆடு மேய்த்ததுண்டு, உள்ளே போனதில்லை. மீசை அரும்பின வயதில் ஓசூருக்கு வந்து ஒரு பிரஸ் ஷாப்பில் ஹெல்பராகச் சேர்ந்தார். பிரஸ் என்றால் புத்தகம் அடிக்கிற பிரஸ் இல்லை. இரும்புத் தகட்டை ஒரே அடியில் நசுக்கி வண்டிச் சாமானாக்குகிற பவர் பிரஸ். தகட்டை உள்ளே வைக்க வேண்டும், கையை வெளியே எடுக்க வேண்டும், காலால் பெடலை மிதிக்க வேண்டும். மேலேயிருந்து யானைக் கால் மாதிரி இறங்கும். வை, எடு, மிதி. விடிந்தால் இந்த மூன்று, பொழுது போனாலும் இந்த மூன்று. ஆயிரம் தடவை ஒழுங்காகச் செய்தவனுக்கு அடுத்த தடவை ‘எடு’ மட்டும் மறந்துபோகும். காலுக்குக் கையைப் பற்றி என்ன தெரியும்?

மறந்தது, மிஷினில் உட்கார்ந்திருந்த திம்மப்பனுக்கு. வலது கையில் இரண்டு விரல் போச்சு. பனியன் வேஸ்ட்டில் கையைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினார்கள். சூப்பர்வைசர் மிஷினைத் துடைக்கச் சொன்னார். துடைத்த ஈரம் காயுமுன்னே, "வேற கை வச்சு ஓட்டுங்கடா, லோடு நிக்குது" என்றார்.

அந்த வேறு கை எல்லப்பனுடையது.

ஸ்டூலில் திம்மப்பன் உட்கார்ந்திருந்த சூடு இன்னும் போகவில்லை. பயத்தில் எல்லப்பனுக்கு வாய் தானாக முணுமுணுக்க ஆரம்பித்தது. யானை யானை வாயைத் திற என்றால் பிரஸ் மேலே போகிற நேரம். வெல்லம் வச்சேன் என்றால் தகடு. காணலியே என்றதும் வாயை மூடிக்கொள்ள வேண்டும், கை வெளியே வர வேண்டும். அது வந்த பிறகுதான் கால். வாய் மூடியிருந்தால் கை வெளியே இருக்கிறது என்று அர்த்தம். இப்படிச் சொல்லிச் சொல்லி அன்றைய ஷிப்டை ஓட்டினார். மறுநாளும் ஓட்டினார். அப்படியே இருபத்தைந்து வருஷம், பேக்கிங்குக்கு மாற்றும்வரை.

லைன் வீட்டுக் குழந்தைகள் அவர் முணுமுணுப்பதைக் கேட்டுக் கேட்டு விளையாட்டாக்கிக்கொண்டன. அப்போது அவருக்கு எழுத்துத் தெரியாது. ரேஷன் கடை வாசலில் அறிவொளி வகுப்பு நடத்த ஆட்கள் வந்தபோது வயது முப்பதை முட்டிக்கொண்டிருந்தது. தன் பேரை எழுதப் பழகியதும் அடுத்தபடி எழுதிப் பார்த்தது யானைப் பாட்டைத்தான். வகுப்பு எடுத்தவர்கள் அதை வாங்கிச் சேலத்துக்கு அனுப்ப, புத்தகமாக வந்துவிட்டது. வந்த புத்தகத்தில் அந்த வெறும் வரியைக் காணோம். ஏதோ தவறி விட்ட இடம் என்று அச்சுக்கோத்தவர் இழுத்து மூடிவிட்டார். எல்லப்பன் ஒருநாள் சம்பளம் போனாலும் போகட்டும் என்று பஸ் ஏறிச் சேலம் போனார்.

"இங்க என்னய்யா விட்டுப்போச்சு?" என்றார் பெரியவர்.

"ஒண்ணும் விட்டுப்போவலீங்க. அது கை வெளிய வர நேரம்."

அதற்கப்புறம் வந்த எல்லாப் புத்தகத்திலும் அந்த இடம் இருந்தது. தக்காளி லாரிப் பாட்டு, ராகிக் களிப் பாட்டு, கம்பெனி பஸ்ஸில் ஏறின எறும்புப் பாட்டு, எதை எழுதினாலும் எல்லப்பன் மூன்று வரிக்கு ஒருதரம் வாயை மூடிவிடுவார். அவருக்கு வேறு மாதிரிப் பாடத் தெரியாது. குழந்தைக் கவிஞர் என்று ஒரு சங்கத்தில் சால்வை போட்டார்கள். மறுநாள் காலை ஷிப்டுக்குப் போனார்.

இத்தனை வருஷம் அதிர்ந்து அதிர்ந்து விரல் நுனிகள் மரத்துப்போயின. நரம்பு போய்விட்டது, ஒன்றும் செய்ய முடியாது என்றார் டாக்டர். ஜோதியம்மாளைத் தூக்கிக்கொண்டு போன அன்று நெஞ்சுக்குள்ளும் அப்படித்தான் இருந்தது. சொந்தக்காரர்கள் அழச் சொன்னார்கள், வரவில்லை. அதற்குப் பிறகு பாட்டும் வரவில்லை.

விரல் போனதற்கப்புறம் திம்மப்பன் ஜூஜுவாடி ஹைவேயோரம் டீக்கடை போட்டான். எல்லப்பன் சனிக்கிழமை அங்கே போனார்.

"ஏமிரா, பெரிய மனுஷா! சினிமாக்காரன் வந்து கூட்டிக்கினு போறானாமே! நம்மளயெல்லாம் ஞாபகம் இருக்குமா?"

"சினிமா இல்லடா. யானைப் பாட்டு. ஹோய்னு ஒண்ணு சேக்கணுமாம்."

"எங்க?"

"கை எடுக்கற எடத்துல."

திம்மப்பன் ஆற்றிக்கொண்டிருந்த டீயை அப்படியே பிடித்தான். "என் ரெண்டு வெரலக் குடுத்து வாங்கின எடம்டா அது. அங்க ஹோயாம், ஹோய்!" என்று சொல்லிவிட்டு அவனே சிரித்தான். "சரி, போட்டுட்டுப் போறான் விடு. போடலன்னா மட்டும் வெரலு மொளைக்கப் போவுதா?"

"குடுக்கட்டுமா, வேணாமா? நீ சொல்லு."

"எங்கிட்ட ஏண்டா கேக்கற? பாட்டுக் கட்டினவன் நீ. நான் வெறும் வெரலு குடுத்தவன்."

ஞாயிற்றுக்கிழமை அனிதா ஸ்கூட்டியில் கூட்டிப் போனாள். அவள் போன் சாமான் செய்கிற கம்பெனியில் லைனில் நிற்பவள். வழியில் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். "அப்பா, இப்பெல்லாம் கை உள்ள இருந்தா மிஷினே எறங்காது. சென்சார் வச்சிருக்கான். மிஷினே கையைப் பாத்துக்குது. அந்த எடத்துக்கு இப்ப வேலையே இல்லப்பா. நீ அங்க போயி ஏதாச்சும் சொல்லிடாத. உனக்கப்புறம் இதெல்லாம் எங்க இருக்கும், சொல்லு?"

"ஆகட்டும்மா."

ஸ்டூடியோ ஒரு மொபைல் கடைக்கு மேலே இருந்தது. ஹரீஷ்குமார் பாட்டைப் போட்டுக் காட்டினான். யானை தலையாட்டிக்கொண்டு வந்தது. குரல் நன்றாக இருந்தது, மேளம் நன்றாக இருந்தது. காணலியே என்றதும் நாலைந்து குழந்தைகள் சேர்ந்து ‘ஹோய்’ என்று கத்தின. அனிதா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். கோபமோ வருத்தமோ அதில் ஒன்றும் இல்லை.

"நல்லாருக்குங்க," என்றார். பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம் சார். வெளிச்சம் நல்லாருக்கு. பாட்டு எழுதினவரே வெளையாடற மாதிரி கடைசியில உங்க கை ரெண்டும் வரட்டும். அக்கா, நீங்க எதிர்ல உக்காருங்க. ஹோய்னு வரும்போது ரெண்டு பேரும் சேந்து கை தட்டணும். அவ்வளவுதான்."

அனிதா உள்ளங்கையை நீட்டினாள். எல்லப்பன் அதன்மேல் கையை வைத்தார். தோல் தெரியவில்லை, கனம் மட்டும் தெரிந்தது. பாட்டு ஓடியது. காணலியே. ஹோய்! எல்லப்பனின் கை சடாரென்று மார்போடு வந்து ஒட்டிக்கொண்டது. அனிதாவின் கை மட்டும் காற்றில் நின்றது.

"தட்டணும் சார், இழுக்கக் கூடாது."

"சரிங்க."

மறுபடி போட்டார்கள். காணலியே. கை வந்துவிட்டது. எல்லப்பன் மனதுக்குள் தட்டு, தட்டு என்று சொல்லிப் பார்த்தார். பல்லைக் கடித்துப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அந்த இடம் வந்ததும் கை அவரைக் கேட்காமலே வெளியே வந்தது. யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோல் அவர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, கொஞ்சம் கவனமாப் பண்ணுப்பா!"

"கவனமாத்தாம்மா இருக்கறேன்."

ஹரீஷ்குமார் நல்ல பையன். முகம் சுளிக்கவில்லை. "விடுங்க சார், சிரமப்படாதீங்க. வேற கை வச்சு எடுத்துக்கறோம்," என்றான்.

எல்லப்பன் தன் கையைத் திருப்பிப் பார்த்தார். மடியில் கிடந்த பேனாவை எடுத்து இருந்த இடத்திலேயே வைத்தார்.

"வேணாங்க தம்பி."

"சார்?"

"அந்த எடம் சும்மாவே இருக்கட்டும். அப்படியே இருந்தா எடுத்துக்குங்க. இல்லாட்டி வேணாம்."

"சும்மா விட்டா யாரும் பாக்க மாட்டாங்க சார். நெஜமாத்தான் சொல்றேன். மேல ஒத்துக்க மாட்டாங்க."

"தெரியுதுங்க. நீங்க சொல்றது தப்பில்ல."

ஹரீஷ்குமார் திரையில் தலையாட்டிக்கொண்டிருந்த யானையை நிறுத்தினான். படியிறங்கும்போது அனிதா முன்னால் போய்விட்டாள். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு நின்றாள். அவருக்கு அன்று மத்தியான ஷிப்ட். கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், திம்மப்பன் கடை வாசலில் இறக்கிவிட்டாள். இறக்கிவிட்டவள் போகவும் இல்லை. ஹைவேயைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள். ஆந்திரா லாரிகளும் கர்நாடகா பஸ்களும் போய்க்கொண்டிருந்தன.

திம்மப்பன் கண்ணாடி டம்ளரில் டீயை ஊற்றி எல்லப்பன் கையில் கொடுத்தான்.

"குடுத்துட்டியா?"

"இல்ல."

"ஏன்டா?"

"கை வரல."

திம்மப்பன் மூன்று விரலால் மேஜையைத் துடைத்தான். "எல்லாம் போச்சா அப்ப?"

"போச்சு."

"மொத்தப் பாட்டுமா?"

"ம்."

அடுத்த வாடிக்கையாளருக்கு டீ ஆற்றப் போன திம்மப்பன் திரும்பிப் பார்த்தான். பார்த்தவன் கத்தினான்: "டேய், டேய்! கொதிக்கக் கொதிக்கக் குடுத்தன்டா! கையை எடு!"

எல்லப்பன் குனிந்து பார்த்தார். டம்ளரை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் செக்கச்செவேல் என்று இருந்தன. டம்ளரை வைத்துவிட்டுக் கையை எடுத்தார்.

அனிதா ஓடிவந்தாள். ஜக்கிலிருந்த தண்ணீரை அவர் கைமேல் சாய்த்து ஊற்றினாள். ஊற்றி முடிக்கும்வரை கோபம் முகத்தில் அப்படியேதான் இருந்தது.

"எரியுதாப்பா?"

"தெரியலம்மா," என்றார்.

கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடித்தது. ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு ஏறிப்போனார்.