கிணற்றுக்கு மருந்து போடப்பட்டது

1

இந்தக் கதை ஒரு மனு எழுத உட்கார்ந்தபோது வந்தது. கதை எழுத வேண்டும் என்று எனக்கு ஒருநாளும் ஆசை இருந்ததில்லை. நான் தோல் மண்டியில் முப்பது வருஷமாகக் கிளார்க். எங்கள் பீங்கான் சந்தில் சர்க்காருக்கு எதை எழுதுவதென்றாலும் என்னிடம்தான் வருவார்கள். விளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துவிட்டது, குழாய் வேண்டும் என்று நூறு மனுவாவது எழுதியிருப்பேன். "ஹனீஃபா எழுதினா ஆபீஸ்ல ஆளு எந்திரிச்சு நிப்பான்" என்று சந்தில் பேசிக்கொள்வார்கள். அப்படி யாரும் எழுந்து நின்றதாக எனக்குத் தகவல் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை, சந்தின் கடைசி வீட்டுச் சாரா பீவி வந்தாள். ஊரில் மறுபடியும் வாந்திபேதி தலைகாட்டுகிறது. கிணறுகளுக்கு மருந்து போட ஆள் போதாமல், பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கிறார்கள். அதில் லூர்துவும் ஒருவன் என்று அவள் காதுக்கு எட்டியிருக்கிறது.

"அண்ணே, அந்த லூர்து நம்ம சந்துக்குள்ள கால் வைக்கக் கூடாதுன்னு ஒரு மனு எழுதுங்க. எம் புள்ளயக் கொன்னவன் அவன். இந்தத் தடவ என் பேரு மொதல்ல இருக்கணும்."

"சரிம்மா" என்றேன். தாளை எடுத்து, 'கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு' என்பது வரை எழுதினேன். அதற்கு மேல் மனு நகரவில்லை. அதே தாளின் கீழ்ப்பக்கத்தில் இது வந்துகொண்டிருக்கிறது.

2

முதல் தொடக்கம் இப்படி இருந்தது:

'1937ஆம் வருஷம் மார்கழி மாதம், ஸ்ரீரங்கத்தில் ஏகாதசிக் கூட்டம் கூடியிருந்த சமயத்தில், காவிரிக் கரையோரம் நாலைந்து பேருக்கு வாந்திபேதி கண்டதாக—'

பத்திரிகைச் செய்தி மாதிரி இருக்கிறது. செய்தியில் யார் மேலும் குற்றம் வராது. அதனால்தான் கை அப்படித் தொடங்கியது என்று தோன்றியது, விட்டுவிட்டேன்.

இரண்டாவது:

'சாரா பீவிக்கு ஜீனத் என்று ஏழு வயதில் ஒரு மகள் இருந்தாள். தண்ணீர் குடிக்கும்போது அவள் கண்ணை மூடிக்கொள்வாள்—'

இது என் சொந்தச் சரக்கு. அவள் கண்ணை மூடினாளா, திறந்தாளா, யார் கண்டது? செத்துப்போன குழந்தைக்கு இப்படி ஏதாவது ஒரு பழக்கத்தைக் கொடுத்தால் வாசகர் மனம் இளகும் என்று எனக்கும் தெரிந்திருக்கிறது, பாருங்கள். எனக்குத் தெரிந்த ஜீனத் என்னைக் கண்டால் "சலாம் மாமா" என்று கத்திவிட்டு ஓடும். மூக்கு எப்போதும் ஒழுகும். நான் அதட்டினால் பாவாடையில் துடைத்துக்கொள்ளும். அவ்வளவுதான் என்னிடம் இருக்கிறது.

மூன்றாவது தொடக்கம் ஒரே வரி: 'தப்பு லூர்துவுடையது அல்ல.'

இதைத்தான் முதலில் வைத்திருக்க வேண்டும். தைரியம் வராமல் மூன்றாவதாக வைத்திருக்கிறேன்.

3

நடந்ததைச் சொல்கிறேன். கிணற்றுக்கு மருந்து போடச் சொல்லி மனு கொடுக்கலாம் என்று முதலில் சொன்னவள் சாரா பீவிதான். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் புருஷனை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. அதிலிருந்து அவள் தண்ணீரைக் கொதிக்கவைக்காமல் மகளுக்குக் கொடுத்ததில்லை. கொதிக்கவைக்க விறகு வேண்டும், விறகுக்குப் பீடி சுற்ற வேண்டும். வீடு வீடாகப் போய், கதவுக்குப் பின்னால் நின்று, ஆம்பிளைகளைக் கையெழுத்துப் போடவைத்தாள். பதினெட்டுப் பேர் போட்டார்கள். கடைசியில் அவளும் கட்டைவிரலை நீட்டினாள். தோல் வியாபாரி ஹபீபுல்லா, சந்துக்கே பெரியவர், "பொம்பள பேரு எதுக்கும்மா, நாங்க இருக்கோம்ல" என்றார். அவர் பெயர் முதலில் போயிற்று. அவள் பெயர் மனுவில் இல்லை.

[ஒரு குறிப்பு. முனிசிபாலிட்டி ஆபீஸில் அப்போது ஒரு விதி இருந்தது. மருந்து போட்ட பிறகு, 'போடப்பட்டது' என்று தெருக்காரர்களே நோட்டில் எழுதி, மனுவில் முதல் பெயர் உள்ளவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலைக்காரர்கள் போடாமலே போட்டதாக எழுதுகிறார்கள் என்று முன்பு ஒரு புகார் போயிருந்தது. அந்தப் புகாரை எழுதியவனும் நான்தான்.]

வியாழக்கிழமை காலையில் லூர்து வந்தான். தோளில் மருந்துப் பெட்டி, கக்கத்தில் நோட்டு. மருந்து கரைத்து ஊற்றினால் தண்ணீர் ரோஜாப்பூ நிறமாகும், இரண்டு மூன்று நாள் அப்படியே இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஹபீபுல்லா மகளுக்கு நிக்காஹ். எங்கள் சந்தில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணச் சோறு சந்துக் கிணற்றுத் தண்ணீரில்தான் வேக வேண்டும். வெளித்தண்ணீரில் ஆக்கினால், நம்மை ஒதுக்கிவிட்டான் என்று சந்தில் பாதிப் பேர் பந்திக்கு வரமாட்டார்கள். நானூறு பேருக்கு நெய்ச்சோறு.

"லூர்து, சோறு செவந்து போயிடும்ப்பா. திங்கக்கிழமை வந்து ஊத்து" என்றார் ஹபீபுல்லா.

"பாய், மனு குடுத்தது நீங்கதானுங்களே. அவசரம்னு எழுதியிருக்குதுங்க."

"நாந்தான் குடுத்தேன், நாந்தான் சொல்றேன். நாலு நாள்ல என்ன ஆயிடப் போவுது?"

"இன்னைக்கு முப்பது கிணறு முடிச்சுக் காட்டணுங்க. வெறும் நோட்டோட போனா ஆபீஸரு என்னயக் கிழிச்சிடுவாரு."

"அவ்வளவுதானே. நோட்டுல இப்பவே எழுதித் தர்றோம். திங்கக்கிழமை வா, ஊத்து, விருந்துச் சோறும் எடுத்துவைக்கச் சொல்றேன்."

லூர்து தலையைச் சொறிந்தான். "தப்புங்க பாய்" என்றான். பிறகு நோட்டை நீட்டினான்.

'மேற்படி கிணற்றுக்கு இன்று மருந்து போடப்பட்டது' என்று சந்துக்காரர் ஒருவர் எழுதினார். (யார் என்பது கதைக்கு அவ்வளவு அவசியமில்லை.) ஹபீபுல்லா கையெழுத்துப் போட்டார்.

4

மேலே கடைசி அடைப்புக்குள், 'யார் என்பது அவசியமில்லை' என்று இருக்கிற வரி பொய். அதை அடிக்காமல் விட்டுவைக்கிறேன். இத்தனை வருஷமும் நான் எப்படி இருந்தேன் என்பதற்கு அதைவிட நல்ல அத்தாட்சி இல்லை.

எழுதியது நான். சந்தில் வேறு யாருக்கு அப்படி எழுத வரும்?

அதோடு போயிருந்தால்கூட என்னை நானே மன்னித்திருப்பேன். அன்று சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்து வரும்போது கிணற்றடியில் சாரா பீவி நின்றாள். வாளியில் இருந்த தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, மருந்து ஊத்தியாச்சா? செவக்கலயே."

அந்த இடத்தில் ஹபீபுல்லா இல்லை. லூர்து இல்லை. கேட்க ஆளே இல்லை. 'இல்லைம்மா, திங்கட்கிழமை வரை கொதிக்கவைத்தே குடி' என்று சொல்ல எனக்கு ஒரு தம்பிடி செலவில்லை. ஆனால் சொன்னால் அவள் சும்மா இருக்கமாட்டாள். நேராக ஹபீபுல்லா வீட்டு வாசலுக்குப் போய்ச் சத்தம் போடுவாள், கல்யாண வீட்டில் ரசாபாசமாகும். யார் சொன்னது என்று என் பெயர் வரும். ஹபீபுல்லாவின் மண்டியில்தான் எனக்கு வேலை.

"போட்டாச்சும்மா. கொஞ்சமாத்தான் போட்டாங்க, அதான் நெறம் தெரியல."

"நோட்டுல எழுதிட்டாங்களா?"

"நாந்தான் எழுதினேன்."

"அப்ப சரிண்ணே. அல்லாஹ் ஒங்களுக்குப் பரக்கத் தரணும். இனிமே வெறகு மிச்சம்."

இந்த இடத்தை நான்கு முறை எழுதிப் பார்த்தேன். ஒரு தடவை அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்ததாக எழுதினேன். பார்க்கவில்லை. ஒரு தடவை என் குரல் நடுங்கியதாக எழுதினேன். நடுங்கவில்லை, நன்றாகத்தான் சொன்னேன்.

5

ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நன்றாக நடந்தது. வெந்த சோறு யாரையும் ஒன்றும் செய்யவில்லை. திங்கட்கிழமை லூர்து வரவில்லை. ஸ்ரீரங்கத்தில் நோய் பெருத்து, எல்லா ஆட்களையும் அங்கே அனுப்பிவிட்டார்கள். பீங்கான் சந்துக்கு வேறு ஆளை அனுப்ப யாருக்கும் தோன்றவில்லை. நோட்டில்தான் முடிந்துவிட்டதே.

செவ்வாய்க்கிழமை விடியும்போது ஜீனத்துக்கு வயிற்றால் போயிற்று. மத்தியானம் லுஹர் பாங்குக்குள் கண் குழிந்துவிட்டது. நானும் பக்கத்து வீட்டு ஜமாலும் ஆஸ்பத்திரிக்குப் போக ஜட்கா பிடித்துவந்து வாசலில் நிறுத்தும்போது உள்ளே சாரா பீவி அலறும் சத்தம் கேட்டது. ஜட்காவை அப்படியே திருப்பி அனுப்பினோம். சந்தில் இன்னும் இரண்டு பேர் படுத்தார்கள், பிழைத்துக்கொண்டார்கள்.

ஆபீஸிலிருந்து விசாரணைக்கு வந்தார்கள். லூர்துவின் பெட்டியில் எங்கள் கிணற்றுக்கான பொட்டலம் பிரிக்காமல் இருந்தது. திருடி விற்க வைத்திருந்தான் என்று முடிவுகட்ட அது போதும். அவன் நடந்ததை நடந்தபடி சொன்னான். அதிகாரி எங்களைப் பார்த்தார்.

"அவன் ஏதோ ஊத்துனான், நாங்க நம்பி எழுதிக் குடுத்தோம்" என்றார் ஹபீபுல்லா.

அதிகாரி என் பக்கம் நோட்டைத் திருப்பினார். "இந்த வரி நீங்க எழுதினதுதானா?"

"ஆமாங்க."

"மருந்து போட்டதைப் பார்த்தீங்களா?"

லூர்து என்னைப் பார்த்து, "பாய், சொல்லுங்க" என்றான். ஒரே ஒரு தடவைதான் சொன்னான். கடைசி வீட்டின் பச்சைக் கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது, அதன் பின்னால் சாரா பீவி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"பார்த்தேங்க" என்றேன்.

லூர்துவின் வேலை போயிற்று. ஜீயபுரம் பக்கம் வாழைத்தோட்டத்தில் கூலி வேலை செய்கிறான் என்று கேள்விப்பட்டேன். ஒன்பது வருஷமாகச் சாரா பீவி ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் கையேந்தி அவன் நாசமாகப் போக வேண்டும் என்று துஆ கேட்கிறாள். என் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புகிறாள்.

6

முடிவுகள்.

ஒன்று: ஹனீஃபா எல்லாப் பழியையும் ஹபீபுல்லா மேல் போடுகிறான். ஹபீபுல்லா மௌத்தாகி இரண்டு வருஷமாகிறது, மறுத்துப் பேச வரமாட்டார். இது எனக்கு மிகவும் பிடித்த முடிவு. அதனாலேயே நம்பாதீர்கள்.

இரண்டு: ஹனீஃபா ஜீயபுரத்துக்குப் போகிறான். லூர்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "விடுங்க பாய், ஏதோ நடந்துபோச்சு" என்கிறான். வாழைமரங்களுக்கு நடுவே இருவரும்— சீ. அவன் ஏன் அப்படிச் சொல்ல வேண்டும்? அவன் வாயில் அந்தப் பேச்சை வைக்க நான் யார்?

மூன்று: ஹனீஃபா மனுவை எழுதிக்கொடுத்துவிடுகிறான், சாரா பீவியின் பெயர் முதலில் இருக்கிறது. லூர்துவுக்கு வேலை கிடைக்கவில்லை. இதற்கு எந்தச் சிரமமும் இல்லை, முதல் வரி எழுதியாகிவிட்டது.

இன்று காலையில் அவள் வந்தாள். மேஜைமேல் தாள்கள் சேர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டாள்.

"என் மனுவா அண்ணே? இவ்வளவு எழுதியிருக்கீங்களா? படிச்சுக் காட்டுங்களேன்."

"இன்னும் முடியலம்மா" என்றேன். "நாளைக்கு வா."

"முடிச்சுட்டு ஒரு தடவை முழுசாப் படிச்சுக் காட்டுங்க. எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஒங்களத்தான் நம்பியிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நாளை வெள்ளிக்கிழமை. அவள் முன்னால் இந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான்காம் பகுதிக்கு வந்தால், என் வாய் அங்கே எழுதியிருப்பதைப் படிக்குமா, வேறு எதையாவது படிக்குமா என்று எனக்கே தெரியாது. என்னை எனக்குத் தெரியும். நான் மனுவைத்தான் படிப்பேன்.

அதனால் முடிவை நான் எழுதவில்லை. நீங்கள் இதுவரை படித்துவிட்டீர்கள், உங்களுக்கு எழுத்துத் தெரியும். பீங்கான் சந்து, கிணற்றைத் தாண்டிக் கடைசி வீடு, பச்சைக் கதவு. தட்டினால் கதவுக்குப் பின்னாலிருந்து யாரு என்று கேட்பாள்.