வலிக்காத இடம்

என் வீட்டுக்காரர் பால்டன் எங்கள் மந்தையின் முன்னூறு ஆடுகளையும் ஒவ்வொன்றாக அடையாளம் சொல்வார். எது எந்தத் தாயின் குட்டி, எதற்கு எந்தக் கால் நொண்டி, எல்லாம் அத்துப்படி. மனுஷரிடம் பேசத்தான் அவருக்கு வாய் கிடையாது. கல்யாணமான புதிதில் அடக்கமான ஆள் என்று நினைத்துப் பெருமைப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அப்படிப்பட்டவர் என் தங்கை தாரிமாவிடம் மூன்று குளிர்காலமாக ஒரு வார்த்தை பேசவில்லை. சண்டை கிண்டை ஒன்றும் இல்லை. சண்டையாக இருந்தால் ஒரே நாளில் தீர்த்துவைத்திருப்பேன். அவள் எங்களைக் காப்பாற்றினாள். வம்பு அங்கேதான் தொடங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் பனி உருகி மறுபடி உறைந்து, மேய்ச்சல் நிலம் முழுக்க இரும்புத் தகடு அடித்ததுபோல் ஆகிவிட்டது. ஆடுகள் குளம்பால் கீறிக் கீறிப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே செத்தன. வைக்கோல் தீரப்போகிறது என்று பால்டன் குன்றின்மேல் ஏறி, சிக்னல் பிடித்து, தாரிமாவுக்கு போன் செய்து சொன்னார். "வா" என்றுகூடச் சொல்லவில்லை. அவள் சொந்தமாக லாரி ஓட்டுகிறவள். யாரும் வண்டி எடுக்காத புயலில் வைக்கோலை ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள். காய்ந்த ஆற்றுப்படுகையில் டயர் புதைந்து, பனியை வெட்டி வெட்டி வழி பண்ணிக்கொண்டு, மறுநாள் மத்தியானம் எங்கள் கம்பளிக் கூடாரத்துக்கு வந்து சேர்ந்தாள். வைக்கோலை இறக்கி ஆடுகளுக்குப் போட்ட பிறகுதான் டீக்கு உட்கார்ந்தாள். அதற்கும் பிறகுதான் பூட்ஸைக் கழற்றினாள். இடது கால் விரல்கள் கறுத்துப் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் ஐந்தையும் எடுத்துவிட்டார்கள்.

எங்கள் மந்தை பிழைத்தது. நாங்களும் பிழைத்தோம். பால்டன் ஒரு தரம்கூட அவள் கட்டிலருகே போய் நிற்கவில்லை. கொழுத்த செம்மறி ஒன்றை அறுத்து என் கையில் கொடுத்தனுப்பினார்.

"நான் கறியாக்கா கேட்டேன்? அந்த மனுஷன் வாயக் கொண்டாந்திருக்கலாம்ல?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள் தாரிமா. அன்றோடு 'அத்தான்' என்ற வார்த்தையும் அவள் வாயிலிருந்து போய்விட்டது.

இப்போது லாரியை விற்றுவிட்டாள். கிளட்ச் மிதிக்க அந்தக் கால் ஒத்துழைக்கவில்லை. வெள்ளிக்கிழமை தலைநகர் உலான்பாத்தருக்கு, மகள் வீட்டோடு இருக்கப் போகிறாள், ஒரேயடியாக. இந்த ஊமைக்கோட்டான் வாயைத் திறப்பதற்குள் அவள் போய்விட்டால் அப்புறம் எந்த ஜென்மத்தில் சொல்வது? ஆகவே நானே ஒரு திட்டம் போட்டேன்.

"கோபிப் பாலைவனம் முழுக்கச் சுமை ஏத்திக்கிட்டு அலைஞ்சியே, யோலின் அம் பள்ளத்தாக்குக்குள்ள ஒரு நாளாச்சும் போயிருக்கியாடி?" என்று போனில் கேட்டேன்.

"அது வெளியூர்க்காரன் போட்டோ புடிக்கிற எடம். நமக்கென்ன வேலை?"

"சும்மா வா. கறி சமைச்சுச் சாப்ட்டுட்டு சாயங்காலம் திரும்பிரலாம்."

"வண்டி யாரு ஓட்டுறா?"

"யாரோ ஒருத்தர்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன்.

காலையில் தலன்சத்கத் ஊரில் அவள் வீட்டு வாசலில் எங்கள் பழைய ரஷ்ய வேன் நின்றதும், ஓட்டுநர் இருக்கையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பின்னால் ஏறி, கதவைக் கொஞ்சம் பலமாகச் சாத்தினாள். பாதி வழிவரை நல்லபடியாகத்தான் போனது. மேடு வந்தது.

"அக்கா, ஒன் வீட்டுக்காரர்ட்ட சொல்லு, மேட்டுல மூணாவது கியரப் போட்டா வண்டி அழும்னு."

"ஒன் தங்கச்சிட்ட சொல்லு, வண்டி என்னோடதுன்னு" என்றார் பால்டன், கண்ணாடியைப் பார்த்தபடி.

"அக்கா, வண்டிக்கு வாயிருந்தா அதுவே சொல்லிரும். சில பேருக்கு வாயிருந்தும் என்ன பிரயோசனம்?"

"ஏன், நான் ஒங்க ரெண்டு பேருக்கும் நடுவுல தபால்காரியா? ஒழுங்கா வாய மூடிட்டு வாங்க!" என்று கத்தினேன். பேசவைக்கக் கூட்டிவந்தவளே வாயை மூடச் சொன்னேன், பாருங்கள். ஆனாலும் பால்டன் இரண்டாவது கியருக்கு மாற்றினார்.

கணவாயின் உச்சியில், மலையைக் கும்பிடுகிற கற்குவியலருகே நிறுத்தினோம். நீலத்துணிகள் காற்றில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தன. ஆளுக்கொரு கல் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினோம். பால்டன் பாலைத் தெளித்தார். நான் மலையிடம் வெட்கத்தை விட்டு வேண்டிக்கொண்டேன்: ஆடு குட்டி எதுவும் கேட்கவில்லை, இந்த ஆளின் நாக்கை மட்டும் அவிழ்த்துவிடு. அப்போது எங்களோடு சுற்றிவந்த கூட்டத்தில் யாரோ ஒரு வாலிபன் என் காலை மிதித்துவிட்டான். மிதித்த கையோடு திரும்பி என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான். காலை மிதித்துவிட்டுக் கை கொடுக்காமல் போனால் பகை வளரும், இது எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். அதைப் போய் பால்டன், கையில் பால் பாத்திரத்தோடு, காணாததைக் கண்டதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்ன வேடிக்கை? பால் கொட்டுது பாருங்க" என்றேன்.

பள்ளத்தாக்குக்குள் நடக்க ஆரம்பித்தோம். வெளியே ஜூன் மாத வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளே போகப்போகப் பாறைச் சுவர்கள் இரண்டு பக்கமும் எழும்பி வானத்தை ஒரு நீல ரிப்பனாக ஆக்கிவிட்டன. அடியில் ஓடை சலசலத்தது. வாலில்லாத குட்டி எலிகள் வாயில் புல்லைக் கவ்விக்கொண்டு காலுக்குக் குறுக்கே ஓடின. மேலே ஒரு பெரிய கழுகு, இறக்கையை அசைக்காமலே போனது. ஜூனிபர் புதர் வாசனையை இழுத்து இழுத்து மூச்சில் ஏற்றிக்கொண்டாள் தாரிமா. நொண்டி நொண்டித்தான் நடந்தாள், ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

"இத்தன வருஷம் இந்தத் திருப்பத்தத் தாண்டித் தாண்டிப் போயிருக்கேன்க்கா. ஒரு நாள் உள்ள வந்து பாக்கணும்னு தோணலையே. கடவுளே, என்ன அழகு!"

பால்டனின் போக்குத்தான் எனக்குப் பிடிபடவில்லை. அவளுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். கிட்டே போவார், காலைத் தூக்குவார், பின்வாங்குவார். மறுபடி கிட்டே போவார். ஆட்டுக்குப் பின்னால் போய்ப் போய்ப் பழக்கமாகிவிட்டது போலும் என்று நினைத்தேன்.

"அக்கா, ஒன் வீட்டுக்காரர் ஏன் என் குதிகால மோந்துக்கிட்டே வர்றாரு?"

"கேட்டீங்களா? என்ன வேணும் ஒங்களுக்கு?" என்றேன் அவரிடம்.

"ஒண்ணுமில்ல" என்றார். முகம் சிவந்திருந்தது.

ஒரு வளைவு திரும்பியதும் பனிக்கட்டி வந்துவிட்டது. குளிர்காலத்தில் உறைந்தது, இன்னும் கரையாமல் ஓடைமேல் மெத்தைபோல் கிடந்தது. அடியில் தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. பனியைப் பார்த்ததும் எனக்கு அந்தக் குளிர்காலம் ஞாபகம் வந்துவிட்டது. எதற்கு இவளை இங்கே கூட்டிவந்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். தாரிமாவோ குனிந்து ஒரு துண்டை உடைத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"இது நல்ல பனிக்கா. நம்மள ஒண்ணும் பண்ணாது" என்றாள்.

பால்டன் அந்தப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார்.

அதற்கப்பால் பள்ளத்தாக்கு குறுகி, ஒருவர் பின் ஒருவராகத்தான் போக முடியும். தாரிமா முன்னால், பால்டன் நடுவில், நான் கடைசியில். எதிரே ஓர் அம்மாள் இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அவர்களுக்கு வழிவிடச் சுவரோடு ஒண்டினோம். தாரிமா எக்கி, முன்னால் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நேரம் பார்த்து பால்டனின் பெரிய பூட்ஸ் அவளுடைய இடது பூட்ஸின் மூக்கின்மேல் போய் உட்கார்ந்தது. பட்ட காலிலே படும் என்பது சரியாகத்தான் இருக்கிறது!

பால்டன் உடனே கையை நீட்டினார். தாரிமா திரும்பவில்லை. நீட்டிய கை அந்தரத்தில் நின்றது. எதிரே வந்த அம்மாள் பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எவ்வளவு பெரிய எதிரியானாலும் அந்தக் கையை யாரும் மறுப்பதில்லை. என் தங்கை மறுக்கிறாளே, இவ்வளவு வெறுப்பா இவள் மனசில் என்று எனக்கு உலகமே இருண்டுவிட்டது. அப்போதும் பால்டன் கையைக் கீழே போடவில்லை.

"ஏய் தாரிமா! கையக் குடுடி!"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "எதுக்கு?"

"ஒன் கால மிதிச்சிட்டாருடி!"

"எப்போ?"

குனிந்து பார்த்தாள். இடது பூட்ஸின் மூக்கு நசுங்கி, சேறு அப்பியிருந்தது. உள்ளே விரலிருக்க வேண்டிய இடத்தில் அவள் ஒட்டக ரோமத்தைத் திணித்துவைத்திருப்பது எனக்குத் தெரியும்.

"அட, இங்கயா?" என்று அவள் சிரிக்க ஆரம்பித்தாள். "அங்க யாருக்கா குடியிருக்கா? காலி வீடு! மிதிச்சது எனக்கு எப்பிடித் தெரியும்?"

சிரிப்பு பாறையில் மோதி எதிரொலித்தது. பால்டன் சிரிக்கவில்லை. நீட்டிய கையோடு அப்படியே நின்றார். தாரிமா சிரிப்பை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்தாள். பிடித்ததுதான் தாமதம், முப்பது வருஷத்தில் நான் கேட்காத பேச்செல்லாம் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது.

"ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் வந்தேன் தாரிமா. எத்தனையோ தடவ வந்தேன். கட்டுப் போட்ட கால எந்த மூஞ்சிய வெச்சுப் பாக்குறதுன்னு திரும்பிருவேன். நான் மட்டும் அன்னிக்கு போன் பண்ணாம இருந்திருந்தா..."

"போன் பண்ணாம ஆடெல்லாம் செத்திருந்தா, நானே வந்து ஒங்களக் கொன்னுருப்பேன்."

"நீ வரலேன்னா எங்க அடுப்பு அன்னிக்கே அணைஞ்சிருக்கும். இன்னிக்கு நாங்க குடிக்கிற பாலு, போட்டிருக்கிற துணி, எல்லாம் நீ போட்டதும்மா. இத அன்னிக்கே வந்து சொல்லிருக்கணும்."

"சொல்லிருக்கணும்தான்" என்றாள் தாரிமா. "மூணு வருஷமா இதக் கேக்கத்தான காத்துக்கிட்டிருந்தேன், அத்தான்."

அத்தான்! எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. எதிரே நின்ற அம்மாள், என்ன ஏது என்று தெரியாமலே, பையிலிருந்து ஒரு காய்ந்த தயிர்க்கட்டியை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டுப் பிள்ளைகளை நடத்திக்கொண்டு போனாள். அவள் குடும்பம் நன்றாக இருக்கட்டும்.

வெளியே வந்து, வேன் நிழலில் அடுப்பு மூட்டி, எங்கள் ஊர் வழக்கப்படி பால் கேனில் ஆட்டுக்கறியும் நெருப்பில் சுட்ட கல்லுமாகப் போட்டு மூடினோம். கறி வெந்ததும், கொழுப்பு மினுமினுக்கிற கற்களை எடுத்துக் கை மாற்றிக் கை மாற்றிச் சூடு பிடித்தோம். அலுப்புக்கு அதைவிட மருந்து கிடையாது. இருப்பதிலேயே பெரிய கல்லைப் பால்டன் எடுத்தார்.

"பூட்ஸக் கழட்டு" என்றார் தாரிமாவிடம்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கழற்றினாள். அந்தக் காலை அவர் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். முகத்தைத் திருப்பவில்லை. கல்லைத் துணியில் சுற்றி, பாதத்தின் கீழே வைத்து, சூடு தணியும்வரை பிடித்துக்கொண்டிருந்தார். நான் கறித்துண்டுகளை எடுத்துப் பரிமாறினேன். மலையே, கேட்டதைக் கொடுத்துவிட்டாய், உனக்கு எத்தனை படி பால் தெளித்தாலும் தகும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

திரும்பும்போது தாரிமா முன் இருக்கையில் உட்கார்ந்தாள். கியரைப் பற்றி நேராக அவரிடமே திட்டினாள். ஊர் நெருங்கும்போது திடீரென்று கேட்டாள்.

"உண்மையச் சொல்லுங்க அத்தான். அங்க தெரியாம மிதிச்சீங்களா?"

பால்டன் நெடுநேரம் சாலையைப் பார்த்தபடி ஓட்டினார். பழைய ஊமை திரும்பிவிட்டது என்றே நினைத்தேன்.

"காலைலேந்து பாத்தேன்" என்றார் கடைசியில். "கையப் புடிக்க வேற வழி தெரியல. ஆனா மிதிச்சா ஒனக்கு வலிக்குமேன்னு பயம். அதான், வலிக்காத எடமாப் பாத்து மிதிச்சேன்."

தாரிமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது எனக்குப் பின்னாலிருந்து தெரிந்தது.

அவள் வீட்டு வாசலில் இறங்கினோம். பால்டன் கறிப் பாத்திரத்தை எடுத்துக் கொடுக்கப் பக்கத்தில் வந்தார். தாரிமா அதை வாங்கி என்னிடம் தந்தாள். பிறகு நல்ல காலைத் தூக்கி, அவருடைய பெருவிரலின்மேல் ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

"ஐயோ!" என்று துள்ளினார் மனுஷன்.

"நான் வலிக்கிற எடமாப் பாத்துத்தான் மிதிப்பேன். உலான்பாத்தருக்கு வந்து என்னப் பாக்குற வரைக்கும் ஞாபகம் இருக்கணும்ல" என்று சொல்லிக் கையை நீட்டினாள்.

ஒற்றைக் காலில் நின்றபடியே அவர் அந்தக் கையைப் பிடித்தார். இரண்டு பேரும் விடவில்லை. நான் கறிப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு நின்றேன்.