மிர்த்தாவின் முன்சக்கரம்

டினோவின் லாரி பட்டறை வாசலில் வந்து நின்றது. கம்பளி மூட்டைகளுக்குப் பின்னால் கயிறு போட்டுக் கட்டியிருந்த வெள்ளை ரெனோ காரை அடையாளம் தெரிந்துகொள்ள எலிசேயோவுக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. பல வருடம் அவனே ஓட்டிய வண்டி அது. வலது முன்சக்கரத்தின் அடிப்பகுதி உள்ளே மடங்கி, மேல்பகுதி வெளியே சாய்ந்து, டயர் கதவுப் பக்கமாகத் தள்ளிப்போயிருந்தது.

லாரியின் கதவைப் பிடித்துக்கொண்டு மிர்த்தா மெதுவாக இறங்கினாள். காற்று அவளுடைய மேல்கோட்டை உடம்போடு ஒட்டவைத்தபோது வயிறு தெரிந்தது. டினோ குனிந்து தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டான்.

"மச்சான், என்மேல கோவிச்சுக்காத. நடுரோட்டுல தனியா நின்னாங்க. விட்டுட்டா வர முடியும்?" என்றான்.

எலிசேயோ மிர்த்தாவைப் பார்த்துக் கேட்டான். "வேற மெக்கானிக்கே கிடைக்கலயா உனக்கு?"

"லாஸ் மாத்தாஸ்ல நீ ஒருத்தன்தான இருக்க. பின்ன வீசுற காத்துகிட்டயா போய் ரிப்பேர் பண்ணச் சொல்றது?"

அவள் அவனை விட்டுப் போய் இரண்டு வருடமாகியிருந்தது. மேற்கே ஏரிக்கரை ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் வேலை பார்த்தாள். இப்போது அந்த வேலையை விட்டுவிட்டு, சாமான்களையெல்லாம் காரில் அடைத்துக்கொண்டு, கிழக்கே கடற்கரைக்குப் போகிற வழி. அங்கே ஃபாபியான் என்பவனோடு வாழப்போகிறாள். அவன் மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறவன். புதன்கிழமை கரைக்கு வருகிறான். அவன் வரும்போது வீட்டில் இருக்க வேண்டும் என்று அவசரமாகக் கிளம்பியவள், சரளைச் சாலையில் மழை அறுத்து வைத்திருந்த பள்ளத்தைப் பார்க்கவில்லை.

பலகை போட்டு வண்டியை இறக்கினார்கள். எலிசேயோ ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தைக் கழற்றிவிட்டு அடியில் படுத்தான். சக்கரத்தைத் தாங்குகிற லோயர் ஆர்ம் வளைந்திருந்தது. அதன் வேர்ப்பக்கம் முடி போல ஒரு விரிசல். ஸ்டீயரிங்கிலிருந்து வருகிற டை ராடும் கோணலாகியிருந்தது. அவன் வெகுநேரம் வெளியே வரவில்லை. பார்க்க வேண்டியதையெல்லாம் எப்போதோ பார்த்து முடித்திருந்தான்.

"காய்ச்சி நிமித்திட முடியாதா?" மிர்த்தா மேலேயிருந்து கேட்டாள். "டினோ லாரிக்கு அப்படித்தான பண்ணுவ?"

"டினோ கவுந்தா ஊருக்கு நிம்மதி. நீ..." என்று தொடங்கியவன் நிறுத்திக்கொண்டான். "நிமிரும். ஆனா எப்ப உடையும்னு சொல்ல முடியாது. இந்த ரோட்டுல உன்ன அப்படி அனுப்ப மாட்டேன். புது ஆர்ம் வியாழக்கிழமை பஸ்லதான் வரும்."

அன்று திங்கட்கிழமை. மிர்த்தா உதட்டைக் கடித்தாள். பிறகு சரி என்றாள்.

பட்டறைக்கு அடுத்த வீட்டில் ரொட்டி சுட்டு விற்கிறவள் எலிசேயோவின் அக்கா சுல்மா. மிர்த்தாவை உள்ளே அழைத்துப்போய்ப் படுக்கை விரித்துக் கொடுத்துவிட்டு, மாவு அப்பிய கையோடு பட்டறைக்கு வந்து நின்றாள். தம்பியின் முற்றத்தில் நின்றுகொண்டிருந்த இன்னொரு ரெனோவையும் பார்த்தாள். மிர்த்தா காரை எடுத்துக்கொண்டு போன பிறகு, அதே மாடலைத் தேடிப்பிடித்து அவன் வாங்கியது. அதன் முன்சக்கரத்திலும் அதே ஆர்ம்தான். சுல்மாவுக்கு அது தெரியும். அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை.

"வியாழன் வரைக்கும் இருப்பாடா. மூணு நாள். இப்பவாவது வாயத் தொறந்து பேசு."

"அவ வயித்துல இன்னொருத்தன் புள்ள இருக்குக்கா."

"இருக்கட்டுமே. நீ வளக்க மாட்டியா?"

எலிசேயோ கழற்றிய நட்டுகளைத் துணியால் துடைத்தான். லாரிக் கதவு திறந்த அந்த நேரத்திலிருந்து அவன் மனம் அதையேதான் சுற்றிக்கொண்டிருந்தது. தொட்டில் எந்த அறையில் போடலாம், காற்று வராத சுவர் எது என்பதுவரை போய்விட்டிருந்தான்.

அவர்களுக்கும் பிள்ளைகள் வந்தன. மூன்று முறை வந்து, மூன்று முறையும் வயிறு தெரிவதற்கு முன்பே கலைந்துபோயின. மூன்றாவதற்குப் பிறகு வீட்டில் பேச்சு நின்றது. அவன் பட்டறையே கதி என்று கிடந்தான். அவள் சமையலறை ஜன்னலோடு இருந்தாள். ஒரு நாள் பெட்டியோடு காரில் ஏறினாள். அவன் டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்த்துக் கொடுத்தான்.

சாயங்காலம் சுல்மா ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். மூவரும் சாப்பிட்டார்கள். கோடைக்காலம், சூரியன் இன்னும் மலைக்கு மேலே நின்றது. மாத்தே என்கிற மூலிகைத் தேநீர்க் குவளை கைமாறிக்கொண்டிருந்தது. டினோ ஒருமுறை செம்மறிக்கடாவைப் பாதிரியாரின் தோட்டத்தில் தவறி இறக்கிவிட்ட கதையைச் சுல்மா சொன்னாள்.

"முட்டைக்கோஸ் பூரா காலி. பாதிரியார் ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல கடாவுக்குத்தான் சாபம் கொடுத்தாரு. அடுத்த வாரம் அதே கடாவ டினோ அவருக்கே வித்துட்டான்!"

"போதும் அண்ணி, வயிறு வலிக்குது," என்று மிர்த்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். எலிசேயோவும் சிரித்தான். தன் சிரிப்புச் சத்தம் அவனுக்கே புதிதாக இருந்தது.

அப்போதுதான் அது நடந்தது. "ஐயோ, இங்க பாரு, இங்க பாரு!" என்று மிர்த்தா பக்கத்தில் இருந்தவனின் கையை இழுத்துத் தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து ஒரு உதை. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. இத்தனை வயதுக்கு எலிசேயோ அப்படி ஒன்றைத் தொட்டதே இல்லை.

மிர்த்தாவின் முகம் மாறியது. அவன் கையை மெதுவாக எடுத்து மேசைமேல் வைத்தாள்.

"ஃபாபியான் இன்னும் இதத் தொட்டுப் பாக்கல. அவன் கப்பல் ஏறினப்ப அசைவு தொடங்கல. வந்ததும் முதல்ல இதத்தான்..." என்றாள்.

எலிசேயோ எழுந்தான். நேராக முற்றத்துக்குப் போய், தன் சொந்தக் காரின் அடியில் ஜாக்கியைத் தள்ளினான். சுல்மா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"டேய், என்ன பண்ற? பைத்தியமா நீ?"

"விளக்கப் பிடி, அக்கா. இருட்டறதுக்குள்ள கழட்டிடணும்."

"அவளே இருக்கேன்னு சொல்லிட்டா. உனக்கு என்னடா வந்தது?"

"அந்த ஆளு காத்துட்டிருப்பான்," என்றான். சுல்மா விளக்கைப் பிடித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிடித்தாள்.

தன் வண்டியின் ஆர்மையும் டை ராடையும் கழற்றி மிர்த்தாவின் வண்டியில் மாட்டினான். விடிந்ததும், சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்த்தான். பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரம் வரைக்கும் இரண்டு பக்கமும் நைலான் நூலை இழுத்துக் கட்டி, நூலுக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியை முன்னாலும் பின்னாலும் அளந்தான். காற்று நூலை ஆட்டியது. மிர்த்தா தானாகவே ஒரு தகரத்தை எடுத்து மறைப்பாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சேர்ந்து வாழ்ந்த நாட்களிலும் அவள்தான் பிடிப்பாள். டை ராடை அவன் கால் சுற்று திருகினான், அளந்தான், அரைச் சுற்று திருப்பிவிட்டான். ஸ்டீயரிங்கை நேராக நிறுத்தி மறுபடி அளந்தான். நட்டை இறுக்கினான்.

"ஓட்டிப் பாக்கணும். நீயே ஓட்டு," என்றான்.

ஊருக்கு வெளியே, பழைய விமானத் திடலையொட்டிக் கொஞ்ச தூரம் தார்ச்சாலை உண்டு. அங்கே வந்ததும், "கைய விடு," என்றான். மிர்த்தா இரண்டு கைகளையும் ஸ்டீயரிங்கிலிருந்து தூக்கினாள். வண்டி இந்தப் பக்கமும் போகவில்லை, அந்தப் பக்கமும் போகவில்லை. நேராக ஓடியது.

"இங்கயே இருந்துடேன், மிர்த்தா."

சாலையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னான். அவள் பிரேக்கை மெல்ல மிதித்து வண்டியை ஓரமாக நிறுத்தினாள். அவள் அழத் தொடங்கி, முடிக்கும்வரை அவன் காத்திருந்தான்.

"மூணாவது தடவ ஆஸ்பத்திரியிலேர்ந்து நான் திரும்பி வந்தேனே, ஞாபகமிருக்கா? நீ இந்த வண்டிக்கு அடியில படுத்திருந்த. கால் மட்டும் வெளிய தெரிஞ்சுது. இப்ப வருவ, இப்ப வருவன்னு அந்தக் காலையே பாத்துட்டு நின்னேன்."

"உன் முன்னாடி வந்து நிக்க முடியல எனக்கு. அழுதுட்டிருந்தேன்."

"அது இப்பத் தெரியுது. அன்னிக்குத் தெரியலயே." அவள் புறங்கையால் கன்னத்தைத் துடைத்தாள். "அவன் நல்லவன், எலிசேயோ. உன்ன மாதிரியே நல்லவன். ஆனா பேசுவான்."

திரும்பி வந்தபோது முற்றத்தில் அவனுடைய வண்டி ஒரு சக்கரம் இல்லாமல் கட்டைமேல் நிற்பதை அவள் பார்த்தாள். இரவில் என்ன நடந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"வியாழக்கிழமை பஸ் வருதுல்ல, எனக்கு என்ன," என்றான் எலிசேயோ. "சரளையில மெதுவாப் போ. முதல் பெட்ரோல் பங்க்ல நிறுத்தி, சக்கர நட்டை இறுக்கிப் பாக்கச் சொல்லு. மறந்துடாத."

சுல்மா ரொட்டிப் பொட்டலத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். மிர்த்தா போனாள். தூசி அடங்கும்வரை எலிசேயோ வாசலில் நின்றான்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வந்தது வலப்பக்கத்துக்குப் பதிலாக இடப்பக்கத்து ஆர்ம். திருப்பி அனுப்பி வேறு வாங்கச் சொல்லிச் சுல்மா தினமும் கத்தினாள். அவன் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. பண்ணைகளில் வேலை வந்தால் டினோவின் லாரியில் தொற்றிக்கொண்டு போனான். டினோ வழியெல்லாம் பேசுவான். இவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான்.

மார்ச் மாதத்தில் சுல்மாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. பெண் குழந்தை. காட்டுவதா வேண்டாமா என்று காலையிலிருந்து தவித்துவிட்டு, மத்தியானம் பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனாள். எலிசேயோ போனைத் தொடவில்லை. முதலில் சோப்புத் தூளும் மரத்தூளும் போட்டுக் கைகளைத் தேய்த்தான். நகக்கண்ணில் இருந்த கிரீஸ் போகும்வரை தேய்த்தான். துடைத்துக்கொண்டு வந்து இரண்டு கைகளாலும் வாங்கினான்.

"காது அவளோடது," என்றான்.

"ஆமாடா."

"தலை நிறைய முடி."

சுல்மா தம்பியின் தோளைத் தொடப் போனாள். அதற்குள் அவன் போனை அவள் கையில் கொடுத்துவிட்டு முற்றத்துக்குப் போனான். கட்டைமேல் நின்ற வண்டியின் கதவைத் திறந்து, ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டான். வண்டி ரிப்பேருக்கு வந்தவர்களிடம், இன்றைக்குப் பட்டறை இல்லை என்று சுல்மா சொல்லி அனுப்பினாள்.