சாக்குக்குள் இருந்தவன்

தலையில் கவிழ்த்த சாக்கின் இரண்டு கண் ஓட்டைகளுக்கு முன்னால் ஊர் ஒவ்வொருவராக வந்து நிற்கிறது, தலை அசைந்தால் அந்த ஆளை ஆமி ஏற்றும், கூப்பன்கடை மனேச்சர் வருகிறார், தலை அசையவில்லை, தபால்காரர் வருகிறார், அசையவில்லை, பின்னாலிருந்து ஆமிக்காரனின் சப்பாத்து விலாவில் இடிக்கிறது, பிறகு குகனேசன், நேற்றுப் பின்னேரம் சேர்ந்து பந்தடித்தவன், வருகிறான், தலை அசைந்துவிடுகிறது, ஒரே ஒரு தரம், குகனேசனை ஏற்றிய ட்ரக் திரும்பி வரவேயில்லை. சாக்குக்குள் இருந்தவன் இப்போது இத்தாலியில், தார்க்குவினியாவில், நிலத்தடிக் கல்லறை ஒன்றின் கண்ணாடிக் கதவோடு ஒட்டி நிற்கிறான், பக்கத்தில் மனைவி வதனா, குகனேசனின் தங்கை, பாவம் கழுவத்தான் அவளைக் கட்டினான், கட்டிய பிறகு அன்பும் வந்து தொலைத்தது, அதனாலேயே சொல்ல வாய் வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவனுக்குக் கழுத்து, சோறு போடவோ என்றால்கூட வாயால்தான் ஓம் சொல்வான், தலையாட்டமாட்டான், உலக்கை விழுங்கின மனுசன் என்று வீட்டில் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான், மழைக்கு விலா வலித்தால் வதனா எண்ணெய் தேய்த்துவிடுவாள், சைக்கிளில் விழுந்தது என்று சொல்லி வைத்திருக்கிறான்.

பழைய சொற்களைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள் அபிரா கண்ணாடியில் விரல் வைக்கிறாள், அந்தச் சுவர் ஓவியத்திலை முகமூடிக்காரனுக்குப் பக்கத்திலை பெர்சு எண்டு எழுதியிருக்கு அப்பா, ரோமருக்கு முந்தின எத்ருஸ்கன் சனத்தின்ரை சொல்லு, அதிலையிருந்துதான் பெர்சோனா எண்ட லத்தீன் சொல்லு வந்தது எண்டு கனபேர் சொல்லுகினம், முதல் முகமூடி, பிறகு வேசம், பிறகுதான் ஆள். ஆளுக்கே அடியில் முகமூடிதான் என்றால் என்னை மட்டும் யார் குறை சொல்வது, என்று அவன் மனம் வழக்கம்போல் வக்கீல் வேலைக்குக் கிளம்புகிறது, கண் மட்டும் ஓவியத்தை விட்டு வர மறுக்கிறது, முகமூடிக்காரன் கையில் கயிறு, கயிற்றின் முனையில் நாய், நாய் கடிக்கும் மனிதனின் தலையில் சாக்கு. அவனுக்கு என்ன பேர் எழுதியிருக்கு பிள்ளை, என்கிறாள் வதனா. ஒண்டும் எழுதேல்லை அம்மா. எங்கட ஊரிலை சாக்குப் போட்டு வந்தவன்தான் அண்ணையைக் காட்டிக்குடுத்தவன், அவனையும் அடிச்சுத்தான் கொண்டு வந்திருப்பினமோ, இஞ்சாருங்கோ? விலாவிலை, என்கிறான் அவன், விலாவிலைதான் அடிச்சவங்கள்.

சொன்ன பிறகுதான் தன் குரல் அவனுக்கே கேட்கிறது. நேரம் முடிந்து கல்லறை விளக்கு தானாக அணைகிறது, அபிரா பொத்தானை அமுக்கப் போகிறாள், வதனா அவள் கையைப் பிடித்துக்கொள்கிறாள், அவனுடைய விலாவைப் பார்க்கிறாள், கழுத்தைப் பார்க்கிறாள், நீங்களோ, என்கிறாள். சாக்கு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருட்டில் கிடக்கிறது, இந்தப் பக்கம் அவன் முகம் மூட ஒன்றுமில்லாமல் நிற்கிறது, முன்னால் வந்து நிற்பவள் வதனா, தலை அசைகிறது, ஒரே ஒரு தரம்.